பைக் விலைக்கு வாங்கிய பழைய ஆல்டோ, மாருதி 800: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

புது பைக்குக்குக் கொடுக்கும் பணத்தில் இன்று ஒரு பழைய ஆல்டோவோ மாருதி 800-ஓ வாங்கிவிடலாம். ஒன்றரை லட்சம் கி.மீ. ஓடியிருக்கும். மீட்டர் எழுபதாயிரம் என்று சொன்னால், கிளட்ச் பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். அது பொய் சொல்லாது. இரண்டு வண்டியிலும் பெரும்பாலும் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். 2000-ஐ ஒட்டி வந்த எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் செலுத்தும்) வண்டிகளை மனதில் வைத்தே இங்கே எழுதியிருக்கிறது. அதற்கு முந்தைய கார்புரேட்டர் 800-க்கும் பெரும்பகுதி பொருந்தும். 800-இன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. பானட்டுக்குள் கை நுழைய இடமும் இருக்கிறது. வேலை பழக இவற்றைவிடத் தோதான வண்டி கிடையாது.

இந்த வயது வண்டியில் பெரிய பாகங்கள் திடீரென்று போவது அபூர்வம். பூத்துப்போன டெர்மினல், விறைத்த ரப்பர், தளர்ந்த எர்த் ஒயர், எலி கடித்த ஒயர் என்று சில்லறை விஷயங்கள்தான் பெரிய நோய் மாதிரி நடிக்கும். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் காசு செலவில்லாத சோதனை, பிறகுதான் பாகம். சோதனையில் தேறிய பாகத்தைச் சந்தேகத்தில் மாற்றாதீர்கள். பழைய ஒரிஜினல் பாகம் புது டூப்ளிகேட்டைவிட நன்றாக இருப்பது சாதாரணம்.

கையில் இருக்க வேண்டியவை: 8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர், 10, 12, 14, 17 பாக்ஸ் ஸ்பேனர், உங்கள் வண்டிக்கான பிளக் ஸ்பேனர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு. கடைசியாகச் சொன்னதில் மட்டும் சமரசம் வேண்டாம். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஹாலோ பிளாக், செங்கல், மரக்கட்டை அடுக்கி வண்டிக்கு அடியில் போவதைக் கனவிலும் செய்யாதீர்கள். ஹாலோ பிளாக் விரிசல் விட்டுக் காட்டாது, ஒரே நொடியில் நொறுங்கும்.

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ சத்தம், அல்லது சத்தமே இல்லை

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணைகிறதென்றால் கரன்ட் போதவில்லை. விளக்கு பளிச்சென்று அப்படியே இருக்க, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லையென்றால் கோளாறு செல்ஃப் மோட்டார் பக்கம்.

விளக்கு மங்கினால் மீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்கள். வண்டி இரவு முழுக்க நின்றபின் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் காலி. இப்போது ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி அதே இடத்தில் பாருங்கள். முழு சார்ஜில் இருந்த பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது. விழாமல் 11-க்கு மேல் நின்றும் மோட்டார் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், ஒயரைப் பாருங்கள்.

பலரும் தாண்டிப்போகிற சோதனை இதுதான். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸ் முனையில், மற்றொன்று எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் கோளாறு. பேட்டரி மைனஸிலிருந்து கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் போகும் ஒயரின் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வேசலின் தடவுங்கள். புது பேட்டரியும் புது செல்ஃப் மோட்டாரும் வாங்கிப் போட்ட பிறகும் தீராத எத்தனையோ ‘செல்ஃப் எடுக்கலை’ இந்த ஒரு போல்ட்டில் தீர்ந்திருக்கிறது.

டெர்மினலில் பூத்த வெள்ளைப் பச்சைப் பொடியைச் சுடுதண்ணீரில் சமையல் சோடா கலந்து ஊற்றிக் கழுவலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

பேட்டரியும் ஒயரும் தேறிவிட்டால், செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மெல்லிய ஒயரில், சாவியைத் திருப்பும்போது 12 வோல்ட்டை ஒட்டி வருகிறதா பாருங்கள். வந்தும் சுற்றவில்லையென்றால் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ் பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச். சிலநாள் எடுத்துச் சிலநாள் எடுக்காத மோட்டாரை ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் எடுக்கிறதா? பிரஷ் தேய்ந்ததற்கு அதுவே சாட்சி.

ஸ்டார்ட் ஆனபின் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போட்டும் 13-க்குக் கீழே இறங்கினால் பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது, பேட்டரி வேகும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில் சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் பின்சீட் பக்கம், டேங்குக்குள்ளிருந்து ‘ம்ம்ம்’ என்று இரண்டு மூன்று நொடி ஒரு முனகல் வரும். அது பெட்ரோல் பம்ப். வரவில்லையென்றால் ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், பிறகு பம்ப் ரிலேயை அதே மாதிரியான வேறு ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். பம்ப்பின் கனெக்டர் வரை 12 வோல்ட் வந்தும் முனகல் இல்லையென்றால் மட்டுமே பம்ப். நடுவில் எங்காவது ஒயர் அறுந்திருந்தால் அது எலியின் வேலையாக இருக்கலாம். பத்து நாள் ஓடாமல் நிறுத்திய வண்டியில் பானட்டைத் திறந்ததும் எலிப் புழுக்கை கிடந்தால் தேடலை அங்கேயே தொடங்குங்கள்.

டேஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு விடாமல் மின்னினால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவி இருந்தால் முயன்று பாருங்கள். பெட்ரோலிலும் பிளக்கிலும் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முனகல் கேட்டால் அடுத்தது ஸ்பார்க். பெட்ரோல் பம்ப் ரிலேயைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பிளக்கைக் கழற்றி அதன் ஒயரிலோ இக்னிஷன் காயிலிலோ மறுபடி செருகி, பிளக்கின் மரை எஞ்சின் இரும்பில் தொடும்படி ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்துக்கொண்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் ‘டப் டப்’ என்று வந்தால் நல்லது. கையால் பிடிக்காதீர்கள், உதறித் தள்ளிவிடும்.

கழற்றிய பிளக்கே பாதிக் கதையைச் சொல்லும். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் நாறினால் பெட்ரோல் வந்து ஸ்பார்க் வரவில்லை, அல்லது செல்ஃப் அடித்து அடித்து ‘ஃப்ளட்’ ஆகியிருக்கிறது. பின்னதற்கு ஆக்ஸிலேட்டரை அடிவரை அழுத்தியபடி ஐந்தாறு நொடி செல்ஃப் அடித்தால் போதும்.

பெட்ரோலும் ஸ்பார்க்கும் இருந்தும் எடுக்கவில்லை, செல்ஃப் வழக்கத்தைவிட இலகுவாக, ஒரே சீராகச் ‘சர்ர்’ என்று சுற்றுகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒருவர் ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிக்கும்போது உள்ளே கேம் ஷாஃப்ட்டோ ராக்கரோ அசைகிறதா பாருங்கள். அசையவில்லையென்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. மேற்கொண்டு செல்ஃப் அடித்தால் சேதம் கூடலாம். பெல்ட் மாற்றிய பில் இல்லாமல் வாங்கிய வண்டிக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டை மாற்றிவிடுவதுதான் மலிவு. பெல்ட்டைப் பொருத்தும் டைமிங் மார்க் ஒரு பல் தள்ளினாலும் எஞ்சின் சொன்னபடி கேட்காது. முதல் தடவை அனுபவசாலி ஒருவரோடு செய்யுங்கள்.

எடுக்கிறது, ஆனால் நடுங்குகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது

மூன்று சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். ஸ்டீயரிங் மட்டும் அதிர்ந்து, சைலன்சர் சத்தம் சீராக இருந்தால் எஞ்சின் மவுன்டிங் ரப்பரைப் பாருங்கள். சைலன்சரில் ‘டுக்… டுக்கு… டுக்’ என்று தாளம் தப்பினால்தான் மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது சுலபம். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றியதும் எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எதைக் கழற்றியும் மாற்றமே இல்லையோ அதுதான் குற்றவாளி. (பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் கைக்கும் கெடுதல், காயிலுக்கும் கெடுதல்.) பிறகு இடமாற்றம். குற்றவாளியின் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக். போகவில்லையென்றால் தனித்தனிக் காயில் உள்ள வண்டியில் காயிலை மாற்றிப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (ஒரே காயிலின் ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் பாகம்) உள்ள வண்டியில் மூன்று பிளக் ஒயர்களின் ஓம் அளவையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் எல்லை தாண்டி நின்றால் அது. இருட்டில் பானட்டைத் திறந்து ஒயர்கள்மேல் தண்ணீர் ஸ்ப்ரே அடித்தால், கசியும் ஒயர் நீலப் பொறியாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் வெடிப்பும் பச்சைக் களிம்பும் உண்டா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

பிளக் இடைவெளி: எம்பிஎஃப்ஐ வண்டிக்கு 1.0 முதல் 1.1 மி.மீ., கார்புரேட்டர் வண்டிக்கு 0.7 முதல் 0.8. கடையில் பழைய பிளக்கைக் காட்டி அதே எண் வாங்குங்கள். பிளக் இறங்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், ஆகவே குளிர்ந்தபின் வேலை செய்யுங்கள். முதலில் விரலால் மட்டும் திருகி இறக்குங்கள், பிளக் அடியில் போய் உட்கார்ந்தபின் ஸ்பேனரால் புதுப் பிளக்குக்கு ஏறக்குறைய அரைச் சுற்று. மரை போனால் அந்த நாள் போச்சு.

மூன்று சிலிண்டரும் வேலை செய்தும் ஐடில் ஏறி இறங்கினால் உள்ளே கள்ளக் காற்று போகிறது. ஏர் கிளீனரிலிருந்து எஞ்சின் வரை உள்ள ரப்பர்களை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு அடிப்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். சந்தேகமான இடத்தில் தண்ணீர் ஸ்ப்ரே அடித்து ஐடில் மாறினால் ஓட்டை அங்கே. ரப்பர் நன்றாக இருந்தால் எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைக் கழற்றி, கிளீனர் ஸ்ப்ரேயும் பழைய பல் பிரஷும் கொண்டு கரியை எடுங்கள். சிக்னலில் நின்றதும் எஞ்சின் அணைந்துவிடும் நோய்க்கு இதுவே பெரும்பாலும் மருந்து. சுத்தம் செய்த உடனே கொஞ்ச நேரம் ஐடில் தூக்கலாக இருக்கலாம், ஐடில் ஸ்க்ரூவில் கைவைக்காமல் பத்து நிமிடம் ஓட விடுங்கள்.

சூடு முள் ஏறுகிறது

நம் ஊர் வெயிலில் பழைய வண்டியைக் கொல்வது இதுதான். முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியில் அரை மணி நேரம் கை வைக்க வேண்டாம். உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர், முகத்தில் பீய்ச்சும். எஞ்சின் ஆறும் முன் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், ஹெட் வளைந்துபோகும்.

எப்போது ஏறுகிறது என்பதை வைத்துப் பாதிக் கண்டுபிடிப்பு முடிந்துவிடும். டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓடினால் இறங்குகிறதா? ஃபேன். ஹைவேயில் ஓட ஓட ஏறுகிறதா? ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), அல்லது தண்ணீர் குறைவு. ஸ்டார்ட் செய்த ஐந்தே நிமிடத்தில் ஏறுகிறதா? தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது தண்ணீரே இல்லை.

ஃபேன் சோதனை: கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த இரண்டு ஒயரால் மோட்டாருக்கு நேராகக் கரன்ட் கொடுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும், கவனம். சுற்றினால் மோட்டார் நலம். ஃபியூஸ், ரிலே, சூடு சென்சார் என்று பின்னோக்கிப் போங்கள். சுற்றவில்லையென்றால் மோட்டார்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் சூடேற்றுங்கள். சுமார் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கி, கொதிநிலைக்குள் முழுதும் திறக்க வேண்டும். ‘நம்ம ஊர் சூட்டுக்கு இது தேவையில்லை’ என்று கழற்றி எறியச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலும் கெடும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியா என்பது மூடியைத் திறந்ததும் தெரிந்துவிடும். துருச் சேறும் வெள்ளை உப்பும் ஒட்டியிருக்கும். ஓடி நின்ற எஞ்சினில் (ஃபேன் கனெக்டரைக் கழற்றிவிட்டு) ரேடியேட்டரின் முன்பக்கத்தை ஓரிடம் விட்டு ஓரிடம் தொட்டுப் பாருங்கள். நடுவில் சில்லென்று இருக்கும் பட்டைகள் அடைபட்ட குழாய்கள். கழுவித் தேறாவிட்டால் ரேடியேட்டர் மாற்றம்தான். கூலன்ட் ‘ரெடி மிக்ஸ்’ இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஊற்றும்போது மூடி திறந்தபடி, ஹீட்டர் குமிழ் முழுச் சூட்டில், எஞ்சின் ஐடிலில். குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். இதைச் செய்யாமல் மூடினால் ஏர் லாக் ஆகி, புதிதாகப் போட்ட பாகம் எல்லாம் இருந்தும் முள் ஏறும்.

தண்ணீர் குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்க, மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் குமிழி பொங்கினால், அல்லது மூடியை மூடி ஸ்டார்ட் செய்த ஒரே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாய் இறுகினால், கேஸ்கட். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் இனி எஞ்சினை ஓட்டவே வேண்டாம். ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமம் பார்க்க வேண்டியிருக்கும், வீட்டு வேலை இல்லை.

புகை, ஆயில்

காலையில் எடுத்ததும் ஒருமுறை நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டு பல மாதம் ஓட்டலாம். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் ரிங். கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது, ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். குளிர்காலக் காலையில் வரும் வெள்ளை ஆவி ஒன்றுமில்லை. சூடான பின்னும் இனிப்பு வாசனையோடு வந்தால் கேஸ்கட்.

உறுதி செய்யக் கம்ப்ரஷன் கேஜ் போதும். மூன்று பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ரிலேயையும் காயில் கனெக்டரையும் எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்திச் செல்ஃப் அடியுங்கள். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் கேஜில் 1 கிலோவுக்கு (கி.கி./ச.செ.மீ.) மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ.

கசிவுக்கு: முதலில் எஞ்சினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒருநாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஆயில் மேலிருந்து கீழே வழியும், கீழே சொட்டும் இடம் கசியும் இடமாக இருக்காது. அநேகமாக வால்வ் கவர் கேஸ்கட், மலிவு, ஒரு மணி நேர வேலை. ஆயில் மாற்றும்போது 2.5 லிட்டர் ஊற்றி, ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை விடுங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

பிரேக்

பெடல் மெதுவாக அடிவரை இறங்கினால் வண்டியை நகர்த்தாதீர்கள். பிரேக் எண்ணெய் குறைந்திருந்தால் நான்கு சக்கரத்தின் உட்பக்கமும் ஈரம் தேடுங்கள். பழைய வண்டியில் பின் டிரம்முக்குள் வீல் சிலிண்டர் கசிவது மிகச் சாதாரணம். எண்ணெய் குறையாமலேயே பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி, இரண்டு முறை மிதித்தால் கெட்டியானால் காற்று நுழைந்திருக்கிறது, பிளீடிங் (அந்தக் காற்றை வெளியேற்றும் வேலை) செய்ய வேண்டும். ‘கிரீச்’ என்றால் முன்பக்க பேட், 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பேட் மாற்றும் வரிசை:

1. வண்டி தரையில் இருக்கும்போதே 19 ஸ்பேனரால் வீல் நட்டுகளைத் தளர்த்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.
2. காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே மடக்குங்கள். ஹோஸில் தொங்கவிடாதீர்கள்.
3. பிரேக் எண்ணெய் டப்பா மூடியைத் திறந்துவிட்டு, சி-கிளாம்பால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். எண்ணெய் ததும்பினால் உறிஞ்சி எடுங்கள், பெயின்ட்டில் பட்டால் உரிக்கும்.
4. காலிப்பர் சரியும் பின்களைத் துடைத்துச் சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவுங்கள். பிரேக் போட்டால் வண்டி ஒருபக்கம் இழுப்பதற்கு இறுகிப்போன இந்தப் பின்கள்தான் பெரும்பாலும் காரணம்.
5. எல்லாம் மாட்டியபின், வண்டியை நகர்த்தும் முன், பெடலைக் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் இருக்காது.

எண்ணெய் டாட் 3. திறந்து மாதக்கணக்கான டப்பாவை ஊற்றாதீர்கள், காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும்.

பிக்கப் இல்லை, கியர் விழவில்லை, கடகட

எஞ்சின் இரைகிறது, வண்டி நகர யோசிக்கிறது: ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலாவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் இரைந்தால் நழுவுகிறது. அதற்கும் முன் பெடலின் சும்மா ஆட்டம் 2 செ.மீ. அளவுக்கு இருக்கிறதா பாருங்கள். இந்த வண்டிகளில் கிளட்ச் இயங்குவது கேபிளில்தான், அதன் நட்டைத் திருகினாலே சில சமயம் சரியாகும். ரிவர்ஸ் விழும்போது ‘கர்ர்’ என்றால் கேபிள் தளர்ந்திருக்கலாம்.

ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக்’ என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். பூட் ரப்பர் கிழிந்து கிரீஸ் சக்கரத்தில் தெறித்திருக்கும். கிழிசலை ஆரம்பத்திலேயே பார்த்து ரப்பரை மட்டும் மாற்றினால் ஜாயின்ட் தப்பும். பள்ளத்தில் ‘கடக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டி ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ. இடம் வலமாக ஆடினால் டை ராட். பால் ஜாயின்ட் ஆட்டத்தோடு வண்டியை ரோட்டில் இறக்க வேண்டாம்.

செக் எஞ்சின் விளக்கு

எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியைச் செருகினால் பழுதின் குறியீட்டு எண் வரும். 2010-க்கு முந்தைய பல வண்டிகளோடு அது பேசாது, செருகும் இடமே இல்லாமலும் இருக்கும். குறியீட்டு எண் வந்தாலும் அது சொல்வது எந்தச் சர்க்யூட் என்பதைத்தான். ஆக்ஸிஜன் சென்சார் என்று வந்ததும் சென்சார் வாங்காமல், அதன் ஒயர் சைலன்சரில் பட்டு உருகியிருக்கிறதா, மேனிஃபோல்ட் கேஸ்கட் ஊதுகிறதா என்று பாருங்கள்.

சென்சார், ஆல்டர்னேட்டர், கதவுக் கண்ணாடி போன்றவற்றைச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகக் கடைகளில் வாங்கலாம். பழையதைக் கையோடு கொண்டுபோய் எண்ணை ஒப்பிடுங்கள். ஆல்டர்னேட்டரை அங்கேயே சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிரேக் பாகம், பெல்ட், ஹோஸ், எந்த ரப்பரும் அங்கே வாங்க வேண்டாம்.